இடித்தால் சொல்லிவிடு, தம்பி

லாரிக்கு என்று ஒரு டிரைவர் இருப்பார். பம்பரில் எலுமிச்சை கட்டுவார், பின்பக்கத்தில் பிள்ளைகள் பெயரை எழுதி வைப்பார், இன்ஜின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் ஓரங்கட்டி இறங்கிப் பார்ப்பார். ஃபோர்க்லிஃப்டுக்கு அப்படி ஓர் ஆள் கிடையாது. காலை ஷிஃப்டில் ஒருவர், மதியம் ஒருவர், இரவில் ஒருவர், ஓவர்டைம் வந்தால் இன்னொருவர். சாவி கைமாறும். வண்டிக்கு என்ன ஆயிற்று என்ற சேதி மட்டும் கைமாறாது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பராமரிப்புப் பிரிவில் உதவியாளனாகச் சேர்ந்தவன் நான். பிறகு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக் கிடங்குகளில் இந்த வண்டிகளைப் பிரித்து மாட்டியே என் வேலைக்காலம் முடிந்தது. திடீரென்று உடைந்துபோன வண்டி என்று எழுதிக் கொடுத்த பலவற்றைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன். திடீரென்று எதுவும் நடந்திருக்காது. பழைய விரிசலில் துரு ஏறியிருக்கும். வளைந்த தகட்டின் மேல் வாரக்கணக்கில் தூசி படிந்திருக்கும். யாரோ ஒருவருக்கு அது முன்பே தெரியும், அவர் சொல்லவில்லை. அவர் ஏன் சொல்லவில்லை என்பதைத்தான் இந்த வயதில் அதிகம் யோசிக்கிறேன். இன்றைக்கு இந்த வண்டியில் ஏறும் பிள்ளைகளுக்கும், அவர்களை மேய்க்கும் சூப்பர்வைசர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றிக் கொஞ்சம். பார்க்கக் குட்டியாக இருப்பதால் புதிதாக வரும் பையன்கள் இதை எளிதாக எடுத்துக்கொள்கிறார்கள். மூன்று டன் தூக்கும் வண்டி, கையில் எதுவும் இல்லாமல் நிற்கும்போதே நாலு டன்னுக்கு மேல் எடை. சின்னக் கார் ஒன்றேகால் டன்னைத் தாண்டாது. அந்த எடையில் பெரிய பங்கு பின்னால் இருக்கும் வார்ப்பிரும்பு. முன்னால் தூக்கும் சரக்குக்கு ஈடுகட்ட வைத்தது. ஸ்டியரிங் திருப்புவது பின்சக்கரத்தை. அதனால் வளைவில் மூக்கு தப்பித்துவிடும், வால் போய் இடிக்கும். கிடங்கு ரேக்குகளின் கால்களில் இருக்கும் காயங்களில் பாதி இந்த வால் கொடுத்தது. நாலு சக்கரம் இருந்தாலும் நிலைப்பது மூன்று புள்ளியில்தான்: முன்சக்கரம் இரண்டு, பின் அச்சு நடுவில் தொங்கும் முளை ஒன்று. சரக்கை உயரத்தில் வைத்துக்கொண்டு வேகமாகத் திருப்பினால் எடை அந்த முக்கோணத்துக்கு வெளியே போகும், வண்டி சாயும்.

டேஷ்போர்டு பக்கத்தில் ஒரு தகடு ஒட்டியிருக்கும். அதை முழுக்கப் படித்த ஆபரேட்டர் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். மூன்று டன் என்பது சும்மா மூன்று டன் இல்லை. ஃபோர்க்கின் முதுகிலிருந்து 500 மில்லிமீட்டர் தள்ளி சரக்கின் மையம் இருந்தால்தான் அந்தக் கணக்கு. நீளமான பெட்டியை எடுத்தாலோ, பேலட்டின் நுனியில் மட்டும் ஃபோர்க்கை நுழைத்தாலோ மையம் வெளியே தள்ளும், தூக்கும் திறன் குறையும். கிளாம்ப் போன்றதை மாட்டினாலும் குறையும். தூக்கும் எந்திரத்தில் பாதுகாப்பான சுமை அளவு தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும், அதற்கு மேல் ஏற்றக்கூடாது, 12 மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதி பெற்றவர் முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-ஆம் பிரிவு சொன்னது. ஃபோர்க்லிஃப்டையும் அதன்கீழ் வைத்துச் சோதித்துச் சான்று வாங்குவதுதான் நான் வேலை பார்த்த காலம் முழுக்க வழக்கம். சான்று ஃபைலில் இருக்கும். அடுத்த சோதனை வரைக்கும் வண்டியைக் காப்பாற்றுவது தினமும் அதில் உட்காருகிறவர் கண்.

அந்தக் கண் முதலில் பார்க்க வேண்டிய இடத்தைச் சொல்கிறேன். ஃபோர்க் நேராகக் கீழிறங்கி, சட்டென்று மடங்கித் தரையோடு நீள்கிறதே, அந்த மடிப்புக்கு ஹீல் என்று பெயர். வண்டி தூக்கும் அத்தனை பாரமும் அங்கேதான் வளைத்துப் பார்க்கும். தேய்வதும் அங்கேதான், ஏனென்றால் ஃபோர்க்கைத் தரையில் உரசிக்கொண்டே ஓட்டும் பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. இரவு நேரத்தில் சிமென்ட் தரையில் பொறி பறக்கும், பையன்களுக்கு அது வேடிக்கை. ஃபோர்க் முதலில் எவ்வளவு கனம் இருந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. அதற்கு வழி ஃபோர்க்கிலேயே இருக்கிறது. நேராக நிற்கும் மேல்பகுதி எதிலும் உரசுவதில்லை, அது தேயாது. காலிப்பரை அங்கே வைத்து அளந்தால் பழைய கனம் கிடைக்கும். பிறகு கிரீஸும் அழுக்கும் போகத் துடைத்துவிட்டு, ஹீலுக்குச் சற்று முன்னால் வைத்து அளக்க வேண்டும். மேலே 40 மில்லிமீட்டர், கீழே 36 என்றால் அந்த ஃபோர்க்கின் ஆயுள் முடிந்தது. பத்து சதவீதத் தேய்மானம்தான் எல்லை என்று ஐஎஸ்ஓ 5057 என்ற சர்வதேசத் தரவிதியே வகுத்திருக்கிறது.

நாலு மில்லிமீட்டர்தானே அண்ணே என்று கேட்காத பையன் இல்லை. வளைவைத் தாங்கும் பலம் கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 0.9-ஐ 0.9-ஆல் பெருக்கினால் 0.81. கனத்தில் பத்தில் ஒரு பங்கு போனால் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. தகட்டில் மூன்று டன் என்று எழுதியிருக்கும், ஃபோர்க்கிடம் அந்த பலம் இருக்காது. இடது ஃபோர்க் நுனிக்கும் வலது ஃபோர்க் நுனிக்கும் உயர வித்தியாசம் நீளத்தில் மூன்று சதவீதத்தைத் தாண்டினாலும், அதாவது ஒரு மீட்டர் ஃபோர்க்கில் 30 மில்லிமீட்டருக்கு மேல் போனாலும், மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், ஜோடியாகவே மாற்றுங்கள். விரிசலைக் கண்டதும் பக்கத்து வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போகும் பழக்கத்தை நான் கடைசிவரை எதிர்த்தேன். ஃபோர்க் சூடுபடுத்திப் பதம் ஏற்றிய எஃகு. பட்டறைச் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்துவிடும். பார்வைக்கு ஒட்டியிருக்கும், பாரம் ஏறும்போது அதே இடத்தில் பிளக்கும்.

ஹீல் தேய்கிறது என்றால் ஃபோர்க்கைத் தூக்கும் செயினையும் பாருங்கள். செயின் நீண்டால் ஃபோர்க் தாழும், தாழ்ந்தால் ஓட்டுபவர் அறியாமலே தரையில் உரசும். நீட்சி மூன்று சதவீதத்தைத் தொட்டால் செயினை மாற்றிவிட வேண்டும். பின்னில் இறுக்கிச் சமாளிப்பது சில வாரங்களுக்கு நிம்மதி தரும், செயினின் தேய்மானம் அப்படியே இருக்கும்.

இதெல்லாம் பத்து நிமிஷத்தில் பார்க்கக்கூடியவை. டயரில் பிளவு, கீழே எண்ணெய்ச் சொட்டு, பிரேக், ஹாரன், ரிவர்ஸ் அலாரம், சீட் பெல்ட். அச்சைக் குனிந்து பார்க்கச் சொல்வேன். பெட்டி கட்டும் பிளாஸ்டிக் பட்டையும் ஸ்ட்ரெட்ச் ஃபிலிமும் சக்கரத்தில் சுற்றிச் சுற்றி உள்ளே போய் ஆயில் சீலை அறுத்துவிடும். தரையில் கிடக்கும் பட்டையைப் பொறுக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டிருந்தால் அந்தச் செலவே இல்லை. ஊருக்கு ஊர் எதிரியும் மாறும். திருப்பூர், கோவை மில்களில் பஞ்சு பறந்து ரேடியேட்டரை மூடும், வண்டி கொதிக்கும். தூத்துக்குடியில் உப்புக் காற்று மின்கம்பி இணைப்புகளைப் பச்சை பூக்க வைக்கும். சர்வீஸ் புத்தகம் எழுதுபவருக்கு உங்கள் ஊர்க் காற்று தெரியாது, நீங்கள்தான் இடைவெளியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அதுவும் கிலோமீட்டரைப் பார்க்காமல் மணிக்கணக்கு மீட்டரைப் பார்த்து.

ஹைட்ராலிக் ஹோஸ் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்லாமல் தாண்ட மாட்டேன். கார் டயரில் இருக்கும் காற்றழுத்தம் இரண்டு பாருக்குக் கொஞ்சம் மேலே. இந்த ஹோஸுக்குள் எண்ணெய் 150 பாருக்கு மேல் அழுத்தத்தில் ஓடும். ஊசிமுனை ஓட்டையிலிருந்து வரும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத புகைபோல இருக்கும். எங்கே கசிகிறது என்று விரலால் தடவிப் பார்த்தால் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். முள் குத்தினாற்போல ஒரு புள்ளி மட்டும் தெரியும், வலிகூட முதலில் அதிகம் இருக்காது. அன்றே அறுவை சிகிச்சைக்குப் போகாவிட்டால் விரலோ கையோ போகலாம். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள், ஈரம் படும் இடம் காட்டிக்கொடுக்கும். விரலை ஒருபோதும் நீட்டாதீர்கள்.

ஓட்டும் முறையிலேயே வண்டி கெடுவதும் உண்டு. ஃபோர்க் ஏறி இறங்கும் செங்குத்துச் சட்டமான மாஸ்டைப் பின்னால் சாய்த்து, அது முடிவுக்கு வந்த பிறகும் லீவரைப் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். அப்போது கிரீச்சென்று ஒரு சத்தம் வரும், ரிலீஃப் வால்வு திறந்து எண்ணெய் சுற்றிக்கொண்டு சூடாகும் சத்தம் அது. கிடங்கு வாசலில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டே எந்தப் பையன் வண்டியில் இருக்கிறான் என்று சொல்லிவிட முடியும். முன்னால் ஓடும் வண்டியை நிறுத்தாமலே ரிவர்ஸுக்குத் தள்ளுவதும் அப்படித்தான், கியர்பாக்ஸ் கிளட்ச் தட்டுகள் கருகும். சரக்கோடு போகும்போது ஃபோர்க் தரைக்கு ஒரு சாண் உயரம், மாஸ்ட் பின்சாய்வு. சரிவில் சரக்கு எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும், ஆகவே சரக்கோடு இறங்கும்போது ரிவர்ஸில்தான் இறங்க வேண்டும். வண்டி சாய ஆரம்பித்தால் குதிக்காதீர்கள். குதித்தவர்கள் மேல்தான் மேற்கூரைச் சட்டம் வந்து விழுகிறது. பெல்ட் போட்டிருக்க வேண்டும், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, காலை ஊன்றி, சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் உடம்பைச் சாய்க்க வேண்டும்.

இவ்வளவும் பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுக்கலாம், சொல்லிக் கொடுக்கிறார்கள். நான் முதலில் எழுப்பிய கேள்வி அப்படியே இருக்கிறது. தெரிந்தும் ஏன் சொல்வதில்லை?

ஒரு கிடங்கில் நடந்தது. இரவு ஷிஃப்டில் ஒரு பையன், வேலைக்கு வந்து சில மாதம்தான், வண்டியை வளைக்கும்போது வால் போய் ரேக்கின் காலில் இடித்துவிட்டது. தகட்டுக்கால் உள்பக்கமாக மடிந்துவிட்டது. அதற்கு மேலே நாலு அடுக்கு சரக்கு. அந்த நேரத்தில் அந்தப் பையன் செய்தது, இரண்டு அட்டைப்பெட்டியை எடுத்து அந்தக் காலுக்கு முன்னால் வைத்தது. விடியும்வரை அந்த வரிசையிலேயே வேலை செய்தான். காலை ஷிஃப்டும் அதன் கீழேயே வேலை செய்தது. அந்த இடைகழியில் பெண்கள் குனிந்து லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் ஒரு ஹெல்ப்பர் பெட்டியை நகர்த்தியபோதுதான் தெரிந்தது. வரிசையைக் காலிசெய்து, மேலடுக்கிலிருந்து ஒவ்வொரு பேலட்டாக இறக்கினோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சரக்கு இறங்கும்போதெல்லாம் அந்தக் கால் முனகியது என் காதில் இன்னும் இருக்கிறது.

அந்தப் பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அழுதுவிட்டான். போன மாதம் இன்னொருவன் கண்ணாடி விளக்கை உடைத்ததற்கு இரண்டு நாள் சம்பளம் பிடித்தார்கள், எல்லார் முன்னாலும் நிற்க வைத்துத் திட்டினார்கள், ரேக் என்றால் வேலையே போய்விடும் என்று நினைத்தேன் சார் என்றான். ஒப்பந்தத் தொழிலாளி. ஊரில் தங்கை படிக்கிறாள். அவன் கணக்கு தப்பு என்று எனக்குச் சொல்ல வரவில்லை. அவனை அப்படிக் கணக்குப் போட வைத்தது அந்தக் கிடங்கு.

உடைந்த விளக்குக்கு இரண்டு நாள் சம்பளம் பிடித்ததில் நிர்வாகத்துக்குச் சில நூறு ரூபாய் மிச்சம் ஆகியிருக்கும். அந்தச் சில நூறு ரூபாய்க்காக, இனி இடித்தால் மறைக்க வேண்டும் என்ற பாடத்தை அங்கே இருந்த அத்தனை ஆபரேட்டர்களுக்கும் நடத்தி முடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு லாக் புக்கில் எல்லாக் கட்டத்திலும் டிக் விழும். ஷிஃப்ட் தொடங்குமுன்பே மொத்தமாக டிக் போட்ட புத்தகங்களை நான் பார்த்திருக்கிறேன், ஒரே பேனா, ஒரே சாய்வு, ஏழு நாளும். அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வண்டி நன்றாக இருக்கிறது என்று நம்பும் மேலாளர் பெரிய ஆபத்தில் இருக்கிறார்.

பிறகு வேறோர் ஆலையில் ஒரு ஃபோர்மேன் அம்மாவின் கீழ் வேலை பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. எனக்கு இளையவர். அவர் வந்ததும் ஒரே ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். இடித்ததை அதே ஷிஃப்டில் தானாக வந்து சொன்னவரிடம் பிடித்தம் கிடையாது, திட்டு கிடையாது. மறைத்து வைத்துப் பிறகு தெரியவந்தால் மட்டும் நடவடிக்கை. முதல் சில வாரங்களில் சேதப் புகார்கள் எகிறின. மேலிடம் பதறியது. இவர் வந்த பிறகுதான் வண்டிகள் இப்படி இடிக்கின்றன என்றுகூடப் பேசினார்கள். வண்டிகள் முன்பும் அவ்வளவு இடித்துக்கொண்டுதான் இருந்தன, இப்போதுதான் கணக்குக்கு வருகின்றன என்று அவர் பொறுமையாக விளக்கினார். புகார்களை ஒரு வரைபடத்தில் குறித்தபோது பாதிக்கு மேல் ஒரே முனையில் நடந்திருந்தன. அங்கே ஒரு தூண் பார்வையை மறைத்தது. குவிகண்ணாடி ஒன்றை மாட்டி, ரேக் காலுக்கு இரும்புக் காவல்கட்டை போட்டதும் அந்த முனை அடங்கியது. ஆபரேட்டர்களைத் திட்டித் திட்டிப் பல வருஷம் ஆகியும் தீராத விஷயம் அது.

ஆபரேட்டர் மேலேயே பழி போடும் இதே வழக்கத்தைப் பேட்டரி வண்டிகளிலும் பார்த்தேன். 48 வோல்ட் வண்டியில் இரண்டிரண்டு வோல்ட்டாக 24 செல். டிஸ்டில்டு வாட்டரைச் சார்ஜ் முடிந்த பிறகு ஊற்ற வேண்டும். சார்ஜ் ஏறும்போது உள்ளே இருக்கும் திரவம் பெருகும். முன்னாலேயே விளிம்புவரை ஊற்றினால் அமிலம் வழிந்து தட்டையும் தரையையும் அரிக்கும். தகடுகள் வெளியே தெரியும் அளவுக்கு வறண்டிருந்தால் மட்டும் அவை மூழ்கும்வரை முன்னால் கொஞ்சம் ஊற்றலாம். ஐந்தில் நாலு பங்குக்கு மேல் சார்ஜை இறக்கக்கூடாது. சார்ஜ் ஏறும் அறையில் ஹைட்ரஜன் வரும், காற்றில் நாலு சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும், ஆகவே ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பீடி கூடாது. எட்டு மணிநேர வேலை, எட்டு மணிநேர சார்ஜ், எட்டு மணிநேரம் ஆற விடுவது என்பது பழைய லெட் ஆசிட் பேட்டரிக்கு ஏற்பட்ட முறை. இதைக் கெடுப்பவர் பெரும்பாலும் ஆபரேட்டர் இல்லை, லாரி காத்திருக்கிறது என்று பாதி சார்ஜில் வண்டியைப் பிடுங்கும் சூப்பர்வைசர். பேட்டரி ஆயுள் பாதியில் முடியும்போது பழி ஆபரேட்டர் மேல் விழும். அந்த ஃபோர்மேன் அம்மா, யார் எப்போது பாதியில் எடுத்தார்கள் என்பதையும் புத்தகத்தில் எழுத வைத்தார், தன் பெயர் உட்பட.

ஆயுத பூஜைக்கு முதல்நாள் வண்டிகளைக் கழுவுவோம். வருஷத்தில் அன்றுதான் சில வண்டிகளின் உண்மை நிறம் தெரியும். சந்தனம் வைக்கத் துடைக்கும் இடத்தில் மாஸ்ட் விரிசல் கண்ணில் படும், குங்குமம் வைக்கப் போன கை வளைந்த சட்டத்தில் நிற்கும். மறைத்து வைத்ததையெல்லாம் கழுவும் தண்ணீர் வெளியே கொண்டுவந்துவிடும். அந்த ஆலையில் மட்டும் பூஜைக்கு முந்தின நாள் புதிதாக ஒன்றும் அகப்படாது. எல்லாம் முன்பே புத்தகத்தில் ஏறியிருக்கும்.

தம்பி, வண்டியை விட்டு இறங்கும்போது ஃபோர்க்கைத் தரையில் இறக்கு, நியூட்ரலில் போடு, ஹேண்ட் பிரேக்கை இழு, சாவியை எடு. அடுத்து ஏறப்போகிறவர் யார் என்று உனக்குத் தெரியாமல் இருக்கலாம். இடித்தாயோ, சத்தம் கேட்டதோ, பிரேக் மெத்தென்று இருந்ததோ, அவரிடம் வாயால் சொல், புத்தகத்திலும் எழுது. அவர் வரத் தாமதமானால் காத்திருந்து சொல்.

சூப்பர்வைசர்களே, காலை ஆறு மணிக்கு ஒரு பையன் வந்து, அண்ணே, ராத்திரி மாஸ்ட் தட்டிடுச்சு என்று நின்றால், உனக்கு அடிபட்டதா என்று முதலில் கேளுங்கள். யார் மேலாவது பட்டதா என்று கேளுங்கள். வண்டிச் சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டு, ஓட்டக்கூடாது என்ற அட்டையை ஸ்டியரிங்கில் மாட்டுங்கள். அவனையும் கூட்டிக்கொண்டு போய் இடத்தைப் பாருங்கள், ரேக்கையும் சேர்த்து. அவன் சொன்னபடியே புத்தகத்தில் எழுதி அவனிடம் படித்துக் காட்டுங்கள். மெக்கானிக் பார்த்து முடிக்கும்வரை அவனுக்கு வேறு வண்டி கொடுங்கள். வேறு வண்டி இல்லையென்றால் சரக்குக் கணக்கு எழுத உட்கார வையுங்கள். அன்றைய சம்பளத்தில் ஒரு ரூபாய் குறையக்கூடாது.